விஷப் பரீட்சையும் வாயில்லாப் பிராணிகளும்

ஒரகடத்திலிருந்து வண்டலூர் நோக்கிப் போகும் சாலையில் படப்பை என்கின்ற ஊர் இருக்கின்றது. அவ்வூரில், முன்பு பிரெடரிக் பயிர்ப் பாதுகாப்பு நச்சியல் நிலையம் என்னும் பெயராலும், இப்போது பன்னாட்டு உயிரித் தொழில்நுட்ப நச்சியல் நிலையம் என்னும் பெயராலும் ஒரு ஆராய்ச்சி நிலையம் நடந்து வருகின்றது. பூச்சி மருந்து முதலிய ரசாயனச் சரக்குகளில் எவ்வளவு விஷம் இருக்கின்றது என்று பார்த்துச் சொல்லுவது அதன் வேலைகளில் ஒன்று. சட்டம் கேட்கின்ற பரீட்சைகளை அது செய்து கொடுக்கின்றது. அதன் மேல் குற்றம் சொல்ல நாம் இதை எழுத வரவில்லை. இம்மாதிரி நிலையங்கள் இந்தியாவில் இன்னும் பல இருக்கின்றன. குற்றம் என்று ஏதேனும் இருக்குமானால், அது அப்படிப்பட்ட பரீட்சைகளைக் கேட்கின்ற சட்டத்திலும், கேட்பதை மாற்றாமல் வைத்துக் கொண்டிருக்கின்ற வழக்கத்திலும்தான் இருக்கின்றது என்பதைச் சொல்லவே இவ்வியாசம்.

அதே சாலையில் மேற்கே போனால் ஒரகடம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர். அதற்குக் கிழக்கிலும் மேற்கிலுமாகப் பெங்களூர்ச் சாலையில் இருங்காட்டுக்கோட்டையும் சுங்குவார்சத்திரமும். முப்பது வருஷங்களுக்கு முன் ஏரியும் நஞ்சையும் புஞ்சையுமாய்க் கிடந்த இந்தப் பூமியில் இன்று மோட்டார், டயர், கண்ணாடி, பெயிண்டு, செல்போன் முதலியவைகளைச் செய்யும் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. நம்முடைய பிள்ளைகளும், வடக்கேயிருந்து பிழைக்க வந்த பிள்ளைகளும் அங்கே தின்னரையும், பசையையும், அமிலத்தையும், எண்ணெயையும் கையாண்டு வயிறு வளர்க்கிறார்கள். அந்தச் சரக்குகள் வரும் பீப்பாய்கள் சிலவற்றின் மேல் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மண்டையோட்டைப் பார்க்கலாம். அந்த மண்டையோடு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டதுண்டா? அது பெரும்பாலும் எலியிடமிருந்து வந்தது.

எப்படியெனில், எலியின் தொண்டை வழியாக இரைப்பை வரையில் ஒரு குழாயைச் செலுத்திச் சரக்கை உள்ளே விடுகின்றார்கள். பிறகு 14 நாள் வைத்துப் பார்க்கின்றார்கள். எந்த அளவில் கொடுத்தால் பாதி எலிகள் செத்துப் போகுமோ அந்த அளவுதான் அந்தச் சரக்கின் விஷக் கணக்கு. உடல் எடை கிலோ ஒன்றுக்கு 300 மில்லிகிராமுக்குள்ளாகவே பாதி செத்துவிடுமானால் பீப்பாய்க்கு மண்டையோடு. அதற்கு மேல் 2000 மில்லிகிராம் வரையில் ஆச்சரியக்குறி. கண்ணுக்குக் கெடுதியா என்று பார்க்க வேண்டுமானால் முயலைப் பிடித்து, ஒரு கண்ணின் கீழ் இமையை இழுத்து, அதற்குள் சரக்கை விட்டு, மற்றக் கண்ணை ஒத்துப் பார்ப்பதற்கென்று சும்மா விட்டு, சிவந்ததா, வீங்கிற்றா, புண்ணாயிற்றா என்று மார்க்குப் போடுகின்றார்கள். இது 21 நாள் வரையிலும் நீளலாம்.

இதைப் படித்தவுடன் வாசகர்களில் சிலர், "என்ன, இவர்களும் ஜீவகாருண்யம் பேசப் புறப்பட்டு விட்டார்களா?" என்று கேட்கலாம். அப்படியில்லை. நாம் ஆட்டுக்கறி மாட்டுக்கறி தின்னுவது பாவம் என்று சொல்லுகின்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல. பசுவுக்குக் கண்ணீர் விட்டு, பறையனைக் கிணற்றண்டை வரவொட்டாமல் அடித்தவர்களுடைய ஜீவகாருண்யத்தின் யோக்கியதை நமக்கு நன்றாய்த் தெரியும். யாகம் என்று சொல்லிக் குதிரையையும் ஆட்டையும் கொன்ற பரம்பரையார் இன்று புலால் மறுப்பைப் பற்றி நமக்கு உபதேசம் செய்வதும் நமக்குத் தெரியும். நாம் கேட்பது வேறு. ஒரு உயிரை வதைப்பதற்குக் காரணம் என்ன? அந்தக் காரணம் இன்றைக்கும் உண்மையாய் இருக்கின்றதா? அதனால் மனிதனுக்குக் கிடைக்கும் நன்மை என்ன? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இருந்தால் சரி. பதில் இல்லாமல், "வெகு காலமாய்ச் செய்து வருகின்றோம், அதனால் செய்கின்றோம்" என்று சொன்னால் அதற்குப் பெயர் சடங்கு. அது மாரியம்மன் கோயிலில் நடந்தாலும் சரி, வெள்ளைச் சட்டை போட்டவர்களுடைய ஆராய்ச்சிச் சாலையில் நடந்தாலும் சரி, நமக்கு ஒன்றுதான்.

இவ்வழக்கத்தின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்ப்போம். பாதிச் சாவுக் கணக்கை ஏற்படுத்தினவர் டிரெவன் என்கின்ற இங்கிலாந்துக்காரர். வருஷம் 1927. இன்சுலின் போன்ற மருந்துகள் அக்காலத்தில் ஒரு சீசாவில் வீரியமாயும் மற்றொரு சீசாவில் சப்பென்றும் இருந்ததனால், அவற்றின் வீரியத்தை ஒரே மாதிரியாக அளப்பதற்கு அவர் அந்த வழியைக் கண்டுபிடித்தார். அந்தக் காரியத்துக்கு அது பொருத்தமாயிருந்தது. பிற்காலத்தார் அதை எடுத்துப் பெயிண்டு, பூச்சி மருந்து, சலவைப் பொடி முதலிய சகல சரக்குகளுக்கும் மாட்டிவிட்டார்கள். முயல் கண் பரீட்சையை அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகாவைச் சேர்ந்த டிரெய்ஸ் என்பவர் 1944-இல் முறைப்படுத்தினார். அதற்கும் அப்போது நியாயம் இருந்தது. ஏனெனில், 1937-இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனியார் சல்பா மருந்தை டை எதிலீன் கிளைக்கால் என்கின்ற திரவத்தில் கரைத்து, யாதொரு பரீட்சையும் செய்து பாராமல் விற்றதில் 100-க்கு மேற்பட்டவர்கள், அதிலும் குழந்தைகள் பலர், செத்துப் போனார்கள். அன்றைக்கு நாலு பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருக்கலாம். ஆகவே அக்காலத்து விஞ்ஞானிகளைக் கொடியவர்கள் என்றோ மூடர்கள் என்றோ நாம் சொல்லமாட்டோம். அவர்கள் கையில் அன்றைக்கு இருந்த விளக்கு அது ஒன்றுதான்.

இன்று அந்த நிலைமை இல்லை என்பதுதான் நாம் சொல்ல வந்த விஷயம். எலி ஒரு சின்ன மனிதன் அல்ல. முயலும் அல்ல. கிளி பச்சை மிளகாயைக் கொத்திக் கொத்தித் தின்கின்றது. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. கிளியை வைத்துப் பரீட்சை செய்தவன், "மிளகாய்ப் பொடி கண்ணில் பட்டால் ஒன்றும் செய்யாது" என்று எழுதிக் கொடுத்தால் நாம் ஒப்புக் கொள்ளுவோமா? கோடிக்கணக்கான மக்களைக் காப்பாற்றின பெனிசிலின், கினிப்பன்றிக்குக் கொடுத்தால் அதைக் கொன்றுவிடக் கூடியது. நாம் தலைவலிக்கு விழுங்குகின்ற பாராசிட்டமால் பூனைக்கு விஷம். முயலின் கண்ணிலோ நமக்கு இல்லாத மூன்றாவது இமை ஒன்று இருக்கின்றது. கண்ணீரும் நம்மை விடக் குறைவாகவே சுரக்கின்றது. இவ்வளவு போதாதென்று, ஒரே சரக்கை 20-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிச் சாலைகளுக்குக் கொடுத்து முயல் கண்ணில் போட்டுப் பார்க்கச் சொன்னதில், ஒருவர் கெடுதி என்றும் மற்றொருவர் கெடுதியில்லை என்றும் தலைக்கொரு விதமாய்ச் சொன்னார்கள் என்பது 1971-லேயே வெளியாகிவிட்டது. ஜோசியர்கள் நாலு பேரிடம் ஒரு ஜாதகத்தைக் கொடுத்தால் நாலு விதமாய்ச் சொல்லுவதைப் பார்த்து நாம் சிரிக்கின்றோம். இதற்கு மாத்திரம் ஏன் தலையாட்ட வேண்டும்?

மேலே சொன்ன டை எதிலீன் கிளைக்காலையே எடுத்துக் கொள்ளுவோம். எலிகளில் பாதி சாவதற்கு உடல் எடை கிலோவுக்கு 12 கிராமுக்கு மேல் வேண்டும். மனிதனுக்கோ கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராமே போதும். அதற்குக் குறைந்த அளவிலும் குழந்தைகள் இறந்ததுண்டு. எலிக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தச் சரக்குக்கு மண்டையோடும் கிடையாது, ஆச்சரியக்குறியும் கிடையாது. இது விஷம் என்று உலகத்துக்கு உறுதியானது, பாவம், செத்துப் போன மனிதர்களைக் கொண்டுதான். அதுபோலவே 1957-இல் ஜெர்மனியில் தூக்கத்துக்கென்று விற்கப்பட்ட தாலிடோமைடு என்கின்ற மருந்தை எவ்வளவு கொடுத்தும் எலிகள் சாகவில்லை என்று பெருமையாய்ச் சொன்னார்கள். 1961-இல் அதை நிறுத்துவதற்குள் பதினாயிரம் அளவில் குழந்தைகள் கையும் காலும் குறைந்து பிறந்துவிட்டன. கர்ப்பமான பிராணிகளுக்குச் சரியாகக் கொடுத்துப் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பார்த்திருந்தாலும் எலி உண்மையைச் சொல்லியிராது. பின்னால் பார்த்ததில் முயலும் குரங்கும்தான் சொல்லின. எந்தப் பிராணி உண்மை சொல்லும், எது பொய் சொல்லும் என்பது முன்கூட்டித் தெரியாதபோது, அதன் சாட்சியத்தை நம்பித் தீர்ப்பு எழுதுவது எப்படி?

நிற்க. இந்த டை எதிலீன் கிளைக்கால் கதை அமெரிக்காவோடும் 1937-ஓடும் முடிந்து போகவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 14 குழந்தைகள் இதனால் செத்தன. 1986-இல் பம்பாயிலும், 1998-இல் டில்லிப் பக்கத்திலும், 2022-இல் ஆப்பிரிக்காவில் காம்பியா தேசத்திலும் செத்தார்கள். கடைசியாக 2025-ஆம் வருஷத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்தைக் குடித்து, சிறுநீர் அடைத்து, துடிதுடித்து மாண்டன. கோல்ட்ரிப் என்கின்ற அந்த மருந்து எங்கே காய்ச்சப்பட்டது? நாம் மேலே சொன்ன நம்முடைய சுங்குவார்சத்திரத்தில்தான். தமிழ்நாட்டு சர்க்காரின் மருந்துப் பரிசோதனைச் சாலை அதை எடுத்துப் பார்த்ததில், 100-க்கு 48.6 பங்கு இந்த விஷம் இருப்பதாக அக்டோபர் முதல் வாரத்தில் தெரிந்துவிட்டது. இருக்கலாமென்று அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 பங்கு.

இதை எந்த எலி கண்டுபிடித்தது? எந்த முயல் கண்டுபிடித்தது? ஒரு பிராணியும் இல்லை. திரவத்தை ஆவியாக்கி அதில் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டுகின்ற ஒரு யந்திரம் கண்டுபிடித்தது. அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் பிடித்தது. அந்தப் பரீட்சையை மருந்து சீசாவில் ஏறுவதற்கு முன்னே செய்திருந்தால் அத்தனை தாய்மாரும் இன்று தங்கள் குழந்தைகளோடு இருப்பார்கள். ஏன் செய்யவில்லை? பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. பார்க்கும்படி செய்ய வேண்டிய இலாகாக்காரர்கள் வரவில்லை. சாவுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது அந்த ஒரே தொழிற்சாலையில் 300-க்கு மேற்பட்ட குறைகளைக் கண்டுபிடித்தார்கள். கம்பெனியின் லைசென்சு அதன் பிறகுதான் ரத்து செய்யப்பட்டது. ஆகவே மனிதனைக் காப்பாற்றுவதற்குக் கூண்டுகள் குறைவாய் இருக்கின்றன என்பதில்லை. கண்காணிப்புத்தான் குறைவாய் இருக்கின்றது. "இவ்வளவு எலிகளைக் கொன்று பார்த்திருக்கின்றோம், ஆதலால் பயமில்லை" என்று சொல்லுவது, கிடா வெட்டிப் பொங்கல் வைத்தாய்விட்டது, ஆதலால் காலரா வராது என்று சொல்லுவதற்கு எவ்விதத்தில் மேல்?

"அப்படியானால் விஷம் எது, விஷமல்லாதது எது என்று எப்படித்தான் தெரிந்து கொள்ளுவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் விஞ்ஞானமே பதில் சொல்லியிருக்கின்றது. 1959-இல் ரசல், பர்ச் என்னும் இரண்டு இங்கிலாந்து விஞ்ஞானிகள் மூன்று விதிகள் சொன்னார்கள். பிராணிக்குப் பதில் வேறு வழி இருக்குமானால் அதைச் செய்; இல்லையானால் எண்ணிக்கையைக் குறை; அதுவும் முடியாதபோது வேதனையையாவது குறை என்பதாக. இன்று ஆபரேஷனில் மிஞ்சிய மனிதத் தோலிலிருந்து உயிரணுக்களை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்துத் தோலாகவே ஆக்கி, அதன் மேல் சரக்கை விட்டுப் பார்க்கின்றார்கள். அது மனிதத் தோல். முயல் தோல் அல்ல. கண்ணுக்குக் கெடுதியா என்று பார்க்க, கசாப்புக் கடையில் ஏற்கெனவே உணவுக்கென்று அறுத்த மாட்டின் கண்ணையும் கோழியின் கண்ணையும் உபயோகிக்கின்றார்கள். உயிரணுவின் மூலப்பொருளைக் கெடுத்துப் புற்றுநோய்க்கு வழி செய்யுமா என்பதைப் பாக்டீரியாவில் பார்க்கும் வழியைப் புரூஸ் ஏமிஸ் என்பவர் 1970-களில் காட்டிவிட்டார். ஒரே மாதிரி அமைப்புள்ள பழைய சரக்குகளின் குணத்தைக் கொண்டு புதுச் சரக்கின் குணத்தைக் கணக்கிடுகின்ற கம்ப்யூட்டர் முறைகளும் வந்திருக்கின்றன. இவை வீட்டுக்கு வீடு சொல்லும் கைவைத்தியமல்ல. பணக்கார தேசங்களின் பொருளாதாரக் கூட்டுறவு ஸ்தாபனம் இவற்றில் பலவற்றைப் பரீட்சித்து, முறையான வழிகள் என்று அங்கீகரித்து வெளியிட்டிருக்கின்றது. அதே ஸ்தாபனம் பழைய பாதிச் சாவுப் பரீட்சையைத் தன் பட்டியலிலிருந்து 2002-ஆம் வருஷம் டிசம்பரில் அடித்துப் போட்டுவிட்டது. முன்பு ஒரு சரக்குக்கு 40, 50, 100 என்று எலிகளைக் கொன்ற இடத்தில், அதற்குப் பதிலாக வந்த முறைகள் பெரும்பாலும் 10-க்குள் முடிந்து போகின்றன. எண்ணிக்கை குறைந்ததால் உலகத்தில் ஒரு மனிதனுக்கும் கேடு வந்துவிடவில்லை.

பிராணியை விடுவித்ததனால் மனிதனுக்கு நன்மையே வந்ததற்கு நம்முடைய நாட்டிலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக் கொண்டவர்கள் வாசகர்களில் அநேகர் இருப்பார்கள். அந்த மருந்து குன்னூர் பாஸ்டர் நிலையம் போன்ற இடங்களில் ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. வயிற்றில் வலி மாத்திரமல்ல. சிலருக்கு அந்த மருந்தினாலேயே பக்கவாதமும் வந்தது. பிறகு கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களிலிருந்து மருந்து செய்யும் வழி வந்தது. 2005-க்குள் இந்தியாவில் ஆட்டு மூளை மருந்து நிறுத்தப்பட்டது. இப்போது கையில் நாலைந்து ஊசியோடு காரியம் முடிகின்றது. ஆடும் தப்பிற்று, மனிதனும் தப்பினான். அன்று "இத்தனை வருஷம் ஆட்டு மூளையில் செய்தோம், அதை எப்படி விடுவது?" என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இன்றும் நாம் வயிற்றைத் தடவிக் கொண்டுதான் இருக்க வேண்டும்.

இனி நம்முடைய சட்டத்தின் சங்கதியைப் பார்ப்போம். பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதற்காக டில்லி சபையில் பேசிப் பாடுபட்டவர் சென்னை ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அச்சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தவிர்க்கக் கூடிய இடங்களிலெல்லாம் பிராணிப் பரீட்சையைத் தவிர்க்க வேண்டும் என்கின்றது. அதைக் கண்காணிக்க 1964-இல் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி வெகு காலம் தூங்கிக் கிடந்து 1998-இல் விழித்தது. வேடிக்கை என்னவென்றால், அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஒரு மதத்தார் தங்கள் மதம் கேட்கின்ற முறையில் பிராணியைக் கொன்றால் அது குற்றமாகாது என்கின்றது. ஆராய்ச்சிக்காரன் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டுமாம். மதத்தின் பேரால் கொல்லுகிறவன் காரணமே சொல்ல வேண்டியதில்லையாம்! சட்டம் செய்தவர்களுக்கு இருந்த ஜீவகாருண்யத்தின் எல்லை கோயில் வாசலோடு நின்றுவிட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆயினும் அதன் பிறகு நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. முகப்பூச்சு, தலைச்சாயம் முதலிய அலங்காரச் சரக்குகளைப் பிராணிகளிடம் பரீட்சை செய்வதை 2014-இல் இந்திய சர்க்கார் தடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் அப்படிப் பரீட்சை செய்த அலங்காரச் சரக்கை இறக்குமதி செய்வதையும் அதே வருஷம் தடுத்தார்கள். 2023-இல் புது மருந்துகளுக்கு உயிரணு முறை, கம்ப்யூட்டர் முறை முதலியவைகளையும் அத்தாட்சியாக எடுத்துக் கொள்ளலாம் என்று விதியைத் திருத்தினார்கள். இவைகளை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் கேட்கின்றோம்: முகத்தில் பூசும் சாயத்துக்கு முயல் வேண்டியதில்லை என்றால், காரில் பூசும் சாயத்துக்கு மாத்திரம் ஏன் வேண்டும்? முதலில் சொன்னதற்கு அகப்பட்ட அறிவு இரண்டாவதற்கு அகப்படவில்லையா? அலங்காரத்தைப் பற்றிப் பேசப் பட்டணத்தில் படித்த சீமான்களும் சீமாட்டிகளும் இருந்தார்கள். தொழிற்சாலைச் சரக்கையும் வயல் மருந்தையும் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய அக்கிரமம் ஒன்று இருக்கின்றது. ஒரு கம்பெனி ஒரு சரக்கைப் பரீட்சை செய்து பெற்ற விவரத்தைத் தன் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துக் கொள்ளுகின்றது. மற்றொரு கம்பெனி அதே சரக்கை விற்க வேண்டுமானால், தெரிந்ததையே மறுபடியும் தெரிந்து கொள்ளுவதற்காக மறுபடியும் பிராணிகளைக் கொல்ல நேரிடுகின்றது. இது அறிவைத் தேடுவதா, வியாபார ரகசியத்துக்குப் பலி கொடுப்பதா? ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், குரு ரகசியமாய் வைத்துக் கொள்ளச் சொன்ன மந்திரத்தைக் கோபுரத்தின் மேலேறி ஊராருக்கெல்லாம் கூவிச் சொன்னதாக வைணவர்கள் ஒரு கதை சொல்லுவார்கள். மந்திரத்தினால் யாருக்கும் மோட்சம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் உபயோகமற்ற மந்திரத்தைக்கூட மூடி வைக்கக் கூடாதென்று கொண்டாடுகின்ற ஊரில், குழந்தையையும் தொழிலாளியையும் காப்பாற்றக் கூடிய விஷ விவரத்தை மூடி வைக்கலாமா? ஐரோப்பாவில் 2007 முதல் நடப்பிலுள்ள ரசாயனச் சட்டம், முதுகெலும்புள்ள பிராணிகளில் செய்த பரீட்சையின் விவரத்தைக் கம்பெனிகள் தங்களுக்குள் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். பிராணிப் பரீட்சை வேறு வழியில்லாத கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று விதித்திருக்கின்றது. இந்தியாவும் 2011 முதல், முறைப்படி செய்த பரீட்சையை ஒரு தேசத்தார் செய்தால் மற்ற தேசத்தார் ஒப்புக் கொள்ளுவது என்கின்ற ஒப்பந்தத்தில் முழு அங்கத்தினராய் இருக்கின்றது. படப்பையில் பார்த்தது பாரிசில் செல்லும். பாரிசில் பார்த்தது படப்பையில் செல்லும். இருந்தும் நம் தேசத்துச் சரக்குகளுக்குள் விவரத்தைப் பங்கிட்டுக் கொள்ளக் கட்டாயப்படுத்தத் தடை என்ன?

இப்போது தொழிலாளியின் பக்கம் வருவோம். ஒரகடத்துப் பக்கத்தில் ஒரு சிறு பட்டறையில் சாமான்களைத் துடைத்துச் சுத்தம் செய்யும் தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய இரண்டு கைகளும் வெடித்துத் தோல் உரிந்திருந்தன. எந்தச் சரக்கில் கையை விடுகிறாய் என்று கேட்டோம். பெயர் தெரியாது என்றார். மேஸ்திரி அதை மண்ணெண்ணெய் மாதிரி என்றுதான் சொன்னாராம். மறுநாள் பீப்பாயில் ஒட்டியிருந்த காகிதத்தைச் செல்போனில் படம் பிடித்துக் கொண்டு வந்தார். எல்லாம் இங்கிலீஷ். தோலில் பட்டால் எரிச்சலும் வெடிப்பும் உண்டாகும், கையுறை போட்டுக் கொள்ள வேண்டும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதாக அதில் தெளிவாய் அச்சடித்திருந்தது. அந்த வாக்கியத்தை எழுதுவதற்காக எங்கேயோ ஒரு முயலின் முதுகு மயிரைச் சிரைத்து, அதில் சரக்கைத் தடவிப் பார்த்திருப்பார்கள். கண்ட உண்மை கப்பலேறிக் கடல் கடந்து பட்டறை வரையில் வந்துவிட்டது. பட்டறை வாசலிலிருந்து அவருடைய காது வரையில் உள்ள பத்தடி தூரத்தைத்தான் அதனால் கடக்க முடியவில்லை. பின் முயல் பட்ட பாடு எதற்கு? அதற்குப் பிறகு அந்தத் தோழரின் கையே முயலின் முதுகாகிவிட்டதே!

போபாலில் 1984-இல் விஷப்புகையால் ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயமான தொழிலில் உள்ள ஆபத்துகளைத் தொழிலாளிகளுக்கும் சுற்றுப்புறத்தாருக்கும் முதலாளி தெரிவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கின்றது. சட்டத்தின் பெயர் மாறினாலும் பீப்பாயின் பாஷை மாறவில்லை. எலிக்கும் முயலுக்கும் இரங்குகின்றவர்கள் தொழிலாளியை மறப்பதும், தொழிலாளிக்குப் பேசுகின்றவர்கள் எலியும் முயலும் நமக்கென்ன என்பதும் இரண்டும் தப்பு. கூண்டிலுள்ள பிராணி வீணாய்ச் சாவதும், பட்டறையிலுள்ள மனிதன் தெரியாமல் நோவதும் ஒரே காரணத்தால் நடக்கின்றன. அறிந்ததை மூடி வைப்பதும், அறிவதற்காக என்று சொல்லி வழக்கத்தைச் செய்வதுமே அந்தக் காரணம்.

முதலாளிமார்கள், "புது முறைகளுக்குச் செலவு பிடிக்கும்" என்பார்கள். கூண்டு, தீனி, ஆள், டாக்டர் எல்லாம் வைத்துப் பிராணிகளை மாதக்கணக்கில் வளர்ப்பதற்கு மாத்திரம் செலவில்லையா? புது வழிகளுக்கு ஆரம்பச் செலவு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. அதற்காகத்தான் சர்க்கார் முன்வர வேண்டும் என்கின்றோம். வைதீக மனப்பான்மையுள்ள விஞ்ஞானிகள் சிலர், "முழு உடம்பில்தான் எல்லாம் தெரியும், கிண்ணத்தில் தெரியாது" என்பார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கின்றது. நீண்ட காலம் சிறிது சிறிதாய் உள்ளே போனால் ஈரலும் மூளையும் என்னவாகும், கர்ப்பத்திலுள்ள சிசு என்னவாகும் என்பவைகளுக்குப் பிராணியை அடியோடு விட்டுவிடக் கூடிய பூரணமான வழி இன்னும் கைக்கு வரவில்லை. ஆதலால் இன்றைக்கே எல்லாக் கூண்டுகளையும் திறந்துவிடு என்று நாம் சொல்லவில்லை. வழி இல்லாத இடத்தைக் காட்டி, வழி இருக்கும் இடத்திலும் பழைய வழக்கத்தையே நடத்தாதே என்றுதான் சொல்லுகின்றோம். கண்ணுக்கும் தோலுக்கும் வழி இருக்கின்றது. தெரிந்ததை மறுபடி பாராமல் இருப்பதற்கோ எந்தப் புது யந்திரமும் வேண்டியதில்லை. நாணயம் ஒன்று இருந்தால் போதும்.

ஆகவே நாம் கேட்பவை இவை:

முதலாவது, பூச்சி மருந்துக்கும் தொழிற்சாலைச் சரக்குக்கும் சர்க்கார் செய்கின்ற விதிகளில், பிராணியில்லாத அங்கீகாரம் பெற்ற வழி இருக்குமானால் அதைத்தான் செய்ய வேண்டும் என்று கண்டிப்பாய் எழுத வேண்டும். செய்யலாம் என்று எழுதினால் போதாது.

இரண்டாவது, பிராணியை வதைத்துப் பெற்ற விஷ விவரம் எந்தக் கம்பெனியின் சொந்தச் சொத்தும் ஆகாது. அது பொது ஜனங்களுக்குத் தெரியும்படி வெளியிடப்பட வேண்டும். தெரிந்ததற்கு மறு பரீட்சை கூடாது.

மூன்றாவது, இத்தனை தொழிற்சாலைகளிலிருந்து வரி வாங்குகின்ற சர்க்கார், உயிரணு முறைகளையும் ரசாயனப் பரிசோதனையையும் கற்றுக் கொடுக்கின்ற ஒரு பொது நிலையத்தை இந்தப் பக்கத்திலேயே ஏற்படுத்தி, நம் பிள்ளைகளுக்கு அதில் படிப்பும் வேலையும் கொடுக்க வேண்டும்.

நான்காவது, சந்தைக்குப் போகும் மருந்தை யந்திரத்தில் பரிசோதிக்காமல் ஒரு சீசாவும் வெளியேறாதபடி இலாகாக்காரர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். போகாத அதிகாரிக்குத் தண்டனை வேண்டும்.

ஐந்தாவது, பீப்பாயில் ஒட்டும் காகிதம் தமிழிலும், வேலை செய்கின்றவர்களின் தாய்ப்பாஷையிலும் இருக்க வேண்டும். அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

இவற்றில் ஐந்தாவதைத் தோழர்கள் சர்க்காருக்காகக் காத்திராமல் நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஒரகடத்திலும் வல்லத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வேலை செய்கின்ற தோழர்கள் தங்கள் கைபடும் சரக்கின் பெயரைக் கேட்கட்டும். காகிதத்தைக் காட்டச் சொல்லட்டும். இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைக் கொண்டு படித்துக் கேட்கட்டும். "உனக்கெதற்கு அது?" என்று மேஸ்திரி கேட்டால், "கை என்னுடையது" என்று சொல்லட்டும். ஏன் என்று கேட்பதற்குத்தான் நமது இயக்கம் இத்தனை காலமாய்ச் சொல்லிக் கொடுத்து வருகின்றது. கோயிலில் கேட்ட அந்தக் கேள்வியைத் தொழிற்சாலை வாசலிலும், ஆராய்ச்சிச் சாலை வாசலிலும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று தெரிவித்துக் கொள்ளுகின்றோம்.